கண்டுபிடிப்புக்கும் முதல் வாயுவுக்கும் இடையில்: இஸ்ரேலின் சிறு முதலீட்டாளர்கள் காத்திருந்த கதை

கடலடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது என்ற அறிவிப்பு வெளியாகும் நாளில் பங்குச்சந்தை விழாக்கோலம் பூணுகின்றது. அதே வாயு குழாய் வழியாகக் கரையை வந்தடையும் நாளிலோ, முதல் அறிவிப்பைக் கொண்டாடியவர்களில் பலர் அந்தச் சந்தையில் இருப்பதில்லை. சிலர் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போயிருப்பர். சிலர் பொறுமையிழந்து நட்டத்துக்கு விற்றிருப்பர். எஞ்சியோர் தமது சேமிப்பை அதற்குள் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று நாட்காட்டியை மாற்றிக்கொண்டிருப்பர். கண்டுபிடிப்புக்கும் முதல் உற்பத்திக்கும் இடையே கிடக்கும் அந்த நீண்ட காலத்திலேயே சிறு முதலீட்டாளரின் தலைவிதி தீர்மானிக்கப்படுகின்றது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் நடந்தேறிய வரலாறு மிகவும் பொருத்தமானது. மத்திய கிழக்கு என்றதும் எமக்கு நினைவுக்கு வருவன போரும் எண்ணெயும்தான். ஆனால் அப்பிராந்தியத்தில் எண்ணெய் வளம் இல்லாத நாடாகவே இஸ்ரேல் நீண்டகாலம் அறியப்பட்டிருந்தது. மோசே தம் மக்களை நாற்பது வருடங்கள் பாலைவனத்தில் நடத்திச் சென்று, எண்ணெயே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக் குடியேற்றினார் என்று பிரதமர் கோல்டா மேயர் வேடிக்கையாகக் கூறியதாகச் சொல்வர். சிரிப்புக்குரிய இந்தக் கூற்றின் பின்னால் அந்நாட்டின் பெருங்கவலை ஒன்று மறைந்திருந்தது.

சேமிப்பைத் துளையிடலில் இட்டவர்கள்

இஸ்ரேலின் பெற்றோலியச் சட்டம் 1952இல் நிறைவேற்றப்பட்டது. அதன்படி உற்பத்தியில் நூற்றுக்கு 12.5 வீதம் அரசுக்கு ரோயல்டியாகச் செலுத்தப்பட வேண்டும். 1955இல் ஹெலெட்ஸ் என்னுமிடத்தில் எண்ணெய் கிடைத்தபோது நாடே மகிழ்ந்தது. ஆனால் அந்த வயல் சிறியது. அதன் பின்னர் பல தசாப்தங்களாகத் தோண்டப்பட்ட கிணறுகளிற் பெரும்பாலானவை வரண்டவையாகவே இருந்தன. 1967 போரிற் கைப்பற்றப்பட்ட சினாய் எண்ணெய் வயல்கள் பின்னர் எகிப்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 1979இன் ஈரானியப் புரட்சியோடு அங்கிருந்து கிடைத்துவந்த எண்ணெயும் நின்றுபோனது.

அரபு நாடுகளுடன் வியாபாரம் செய்துவந்த பெரிய எண்ணெய்க் கம்பனிகள் இஸ்ரேலின் பக்கம் தலைவைத்தும் படுக்க விரும்பவில்லை. வெளிநாட்டு மூலதனம் வராதபோது உள்நாட்டு மக்களின் சேமிப்பைத் திரட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அதற்காகக் கையாளப்பட்ட வடிவமே வரையறுக்கப்பட்ட பங்குடைமை ஆகும். இதன் 'பங்கேற்பு அலகுகள்' டெல் அவிவ் பங்குச்சந்தையிற் சாதாரண பங்குகளைப் போன்றே வாங்கி விற்கப்பட்டன. துளையிடலுக்கு ஆகும் செலவைத் தமது வருமான வரிக் கணக்கிற் கழித்துக்கொள்ள அலகு உடையோருக்கு இடமளிக்கப்பட்டது. ஆகவே மாதச் சம்பளக்காரர்களும் சிறு வியாபாரிகளும் ஓய்வு பெற்றோரும் ஒருபுறம் வரிச்சலுகையையும் மறுபுறம் அதிர்ஷ்டத்தையும் எண்ணி இவற்றை வாங்கினர். இஸ்ராம்கோ நெகேவ் 2, அவ்னர், டெலெக் துளையிடல், ரேஷியோ போன்ற பெயர்கள் இவ்வாறுதான் சாதாரண குடும்பங்களின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தன.

இவ்வமைப்பின் உள்விபரம் ஒன்றை இங்கு கவனித்தல் வேண்டும். பங்குடைமையை நிருவகிப்பவர் பொதுப் பங்காளர். துளையிடலுக்கான பணத்தைப் பெரும்பாலும் பொதுமக்கள் தருகின்றனர். ஆனால் வாயு விற்கத் தொடங்கியதும், இலாப நட்டம் பார்க்கப்படுவதற்கு முன்னரே, விற்பனை வருமானத்தில் ஒரு பங்கு ரோயல்டியாகப் பொதுப் பங்காளருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கிணறு வரண்டுபோனால் இழப்பைச் சுமப்பவர் அலகு வாங்கியவர். கிணறு நிறைந்தால் முதற் கிண்ணத்தை அருந்துபவர் வேறொருவர். சட்டத்துக்கு உட்பட்ட, விளம்பல் பத்திரத்தில் அச்சிடப்பட்ட ஏற்பாடுதான் இது. எனினும் விளம்பல் பத்திரத்தை முழுவதும் படிப்பவர் எத்தனை பேர்?

தாமார் தந்த நம்பிக்கை

1999இலும் 2000இலும் அஷ்கெலோன் கரைக்கு அப்பால் நோவா, மாரி-பி என்ற இரு வாயு வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மாரி-பியின் வாயு 2004இல் மின்நிலையங்களை அடைந்தது. ஆழமற்ற கடலில் வாயு இருக்கின்றதென்றால் ஆழ்கடலில் இன்னும் அதிகமாக இருக்கலாம் என்று நம்பியவர்களுள் முதன்மையானவர் புவியியலாளர் யோசி லங்கோட்ஸ்கி. ஹைபாவுக்கு மேற்கே ஆழ்கடலில் தாம் குறித்த இலக்குகளுக்குத் தம் குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் பெயர்களை அவர் சூட்டினார். தாமார் என்ற பெயர் இவ்வாறு வந்ததே. எபிரேய மொழியில் அது பேரீச்சையைக் குறிக்கும்.

அப்பகுதியைத் தன் கையில் வைத்திருந்த பிரித்தானியாவின் பீ.ஜி. நிறுவனம் நில அதிர்வலை ஆய்வுகளைச் செய்துவிட்டு, துளையிடாமலேயே 2005இல் விலகிச் சென்றது. உலக அனுபவமும் பணபலமும் உடைய ஒரு நிறுவனம் கைவிட்ட இடத்தை இஸ்ராம்கோவின் சிறு முதலீட்டாளர்கள் விடாமற் பற்றிக்கொண்டிருந்தனர். அமெரிக்காவின் நோபிள் எனர்ஜி நிறுவனம் 2006இல் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 1,680 மீற்றர் ஆழக் கடலில் தோண்டப்பட்ட தாமார்-1 கிணற்றில் பெருமளவு வாயு இருப்பதாக 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. நோபிளுக்கு 36 வீதம், இஸ்ராம்கோ நெகேவ் 2க்கு 28.75 வீதம், டெலெக் துளையிடலுக்கும் அவ்னருக்கும் தலா 15.625 வீதம், டோர் காஸ் நிறுவனத்துக்கு 4 வீதம் என்பதே பங்கீடு. பல்லாண்டுகள் சில்லறை விலைக்குக் கிடந்த அலகுகள் ஓரிரு நாட்களில் பெருமதிப்புப் பெற்றன.

தாமாரின் வாயு 2013 மார்ச் 30ஆம் திகதி பாயத் தொடங்கியது. கண்டுபிடிப்பிலிருந்து நான்கு வருடங்களும் சில வாரங்களும். ஆழ்கடற் திட்டமொன்றுக்கு இது வியக்கத்தக்க வேகம். இந்த வேகத்துக்குக் காரணம் முதலீட்டாளரின் அவசரமன்று, நாட்டின் நெருக்கடியே. எகிப்திலிருந்து 2008 முதல் வாயு கொண்டுவந்த குழாய், 2011 புரட்சிக்குப் பின்னர் சினாயில் மீண்டும் மீண்டும் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 2012 ஏப்ரலில் எகிப்து ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. மாரி-பி வயலும் வற்றிக்கொண்டிருந்தது. விலை கூடிய டீசலை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்ய நேர்ந்த அரசுக்குத் தாமார் உடனடியாகத் தேவைப்பட்டது. வாங்குவதற்கு மின்சார சபை காத்திருந்தது, வங்கிகள் கடன் கொடுத்தன, வாயு வந்தது. காத்திருந்தவர் பலன் பெற்றார்.

தாமாரைக் கண்ட கண்களுக்கு அடுத்த வயலும் இவ்வாறே விரைந்து வரும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

லெவியாதனும் ஒன்பது ஆண்டுகளும்

ரேஷியோ என்ற பங்குடைமை தன் பெயரிலேயே 1992 என்ற ஆண்டைத் தாங்கியது. தொடங்கியதிலிருந்து பதினெட்டு வருடங்களாக அது பெரிதாக எதையும் கண்டதில்லை. 2010 டிசம்பர் 29ஆம் திகதி, ஹைபாவுக்கு மேற்கே சுமார் 130 கிலோமீற்றர் தூரத்தில் லெவியாதன் என்ற வயலில் 16 இலட்சம் கோடி கன அடி வாயு இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது என்ற செய்தி வெளியானது. அப்போதைக்கு அந்தப் பத்தாண்டுக் காலத்தின் மிகப்பெரிய ஆழ்கடல் வாயுக் கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. ரேஷியோவின் பங்கு 15 வீதம். லெவியாதன் என்பது விவிலியத்தில் வரும் மாபெரும் கடல்விலங்கின் பெயர். அந்த விலங்கைக் கரைக்கு இழுத்துவர ஒன்பது வருடங்கள் ஆகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

முதலாவது தடை வரி வடிவில் வந்தது. 2010 ஏப்ரலில் நிதியமைச்சர் யுவல் ஸ்டைனிட்ஸ், பொருளியற் பேராசிரியர் எய்த்தான் ஷெஷின்ஸ்கியின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். வாயு வருமானத்தில் அரசுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுதான், உலகில் மிகக் குறைந்த விகிதங்களில் இதுவும் ஒன்று என்பது குழுவின் முடிவு. முதலீட்டுத் தொகையின் ஒன்றரை மடங்கு திரும்பக் கிடைத்த பின்னர் 20 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை உயரும் விசேட தீர்வை ஒன்றை அது பரிந்துரைத்தது. அரசின் மொத்தப் பங்கு 52 முதல் 62 வீதம் வரை உயர்வதற்கு இது வழிவகுத்தது. பாராளுமன்றம் 2011 மார்ச்சில் இதனைச் சட்டமாக்கியது. 2014க்கு முன்னர் உற்பத்தியைத் தொடங்கும் வயல்களுக்கு மட்டும் சில சலுகைகள் கிடைத்தன. தாமார் அந்தக் காலக்கெடுவுக்குள் வந்தது. லெவியாதன் வரவில்லை.

இவ்விடயத்தில் எழுந்த வாதம் இலகுவிற் தீர்க்கத்தக்கதன்று. யாரும் வராத காலத்திற் பணம் போட்டு, வரண்ட கிணறுகளின் நட்டத்தைச் சுமந்தோம். கிணறு நிறைந்த பின்னர் விதிகளை மாற்றுவது நியாயமா என்று முதலீட்டாளர்கள் கேட்டனர். கடலடி வளம் நாட்டின் குடிமக்கள் எல்லோருக்கும் உரியது. 1952இல் வெறுங்கையோடு இருந்த அரசு, யாராவது வந்தாற் போதுமென்று எழுதிய விதிகள் என்றென்றைக்கும் செல்லுபடியாகுமா என்று மறுதரப்பு கேட்டது. இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருந்தது. ஆனால் சிறு முதலீட்டாளரின் பெயரால் எழுப்பப்பட்ட கூக்குரலில், டெலெக் குழுமத்தின் அதிபர் இத்சாக் தெஷுவா போன்ற பெருந்தனவந்தர்களின் நலனும் கலந்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது. இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள், ஆயினும் இருவரும் ஒருவரல்லர். ரோயல்டியை முதலிற் பெறுபவரால் ஐந்து வருடங்கள் தாமதித்திருக்க முடியும். பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ சேர்த்த பணத்தை அலகுகளில் வைத்திருப்பவரால் அது இயலாது.

இரண்டாவது தடை ஏற்றுமதி பற்றியது. லெவியாதனின் வாயு இஸ்ரேலின் உள்நாட்டுத் தேவையைக் காட்டிலும் மிக அதிகம். வெளிநாட்டு வாங்குநர் இல்லாமல் வங்கிகள் கடன் கொடுக்கமாட்டா. ஏற்றுமதியை நாற்பது வீதத்துக்கு மட்டுப்படுத்தி அமைச்சரவை 2013 ஜூனில் தீர்மானித்தது. இதற்கு எதிரான மனுக்களை அதியுயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஒக்டோபரில் தள்ளுபடி செய்தது. வயலின் 25 வீதத்தை வாங்குவதாகப் பேசிவந்த அவுஸ்திரேலியாவின் வூட்சைட் நிறுவனம் 2014 மே மாதத்திற் பின்வாங்கியது.

மூன்றாவது தடை ஏகபோகம் பற்றியது. தாமார், லெவியாதன் ஆகிய இரண்டும் ஒரே கைகளில் இருப்பதை ஏற்கமுடியாது என்று போட்டித்தன்மைக்குப் பொறுப்பான ஆணையாளர் டேவிட் கீலோ 2014 டிசம்பரில் அறிவித்தார். அடுத்த ஆண்டு அவர் பதவி துறந்தார். அரசாங்கம் ஒரு வாயுச் சட்டகத்தை வரைந்தது. வீதிகளில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2015 டிசம்பரிற் பிரதமர் நெதன்யாஹு, பொருளாதார அமைச்சுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு அதிற் கையெழுத்திட்டார். பத்து வருடங்களுக்கு விதிகளை மாற்றுவதில்லை என்று கம்பனிகளுக்கு அளிக்கப்பட்ட உறுதியை 2016 மார்ச்சில் அதியுயர் நீதிமன்றம் செல்லாதென்றது. சட்டகம் மீண்டும் திருத்தப்பட்டது.

இக்காலம் முழுவதும் லெவியாதனின் வாயு கடலுக்கடியில் அசையாமல் இருந்தது. அசைந்துகொண்டிருந்தது அலகுகளின் விலை மட்டுமே. அதுமட்டுமன்று. தன் 15 வீதத்துக்குரிய செலவைச் செலுத்துவதற்கு, உற்பத்தி வருமானம் எதுவுமில்லாத ரேஷியோ மீண்டும் மீண்டும் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. புதிய அலகுகள் வெளியாகும்போதெல்லாம் பழைய அலகுகளின் பங்கு சுருங்கும். தன் பங்கைக் காத்துக்கொள்ள விரும்பியவர் மேலும் பணம் போட வேண்டும். முடியாதவர் தன் கையிலுள்ளது கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காத்திருப்பதற்குச் செலவில்லை என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது இங்கே புலனாகும்.

2016 செப்டெம்பரில் ஜோர்தானின் மின்சார நிறுவனத்துடன் பதினைந்து வருட ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2017 பெப்ரவரியில் 375 கோடி டொலர் முதலீட்டுக்கான இறுதித் தீர்மானம் எடுக்கப்பட்டது. 2019 டிசம்பர் 31ஆம் திகதி, டோர் கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் நிறுவப்பட்ட மேடையினூடாக லெவியாதனின் முதல் வாயு வந்தது. ரேஷியோ தோன்றி 27 வருடங்கள். கண்டுபிடிப்பு நிகழ்ந்து ஒன்பது வருடங்கள்.

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்குள் கொவிட் தொற்று உலகை முடக்கியது. எண்ணெய் விலை சரிந்தது. 2020 மார்ச்சில் வாயுப் பங்குடைமைகளின் அலகுகள் அதலபாதாளத்துக்குச் சென்றன. முதல் வாயு வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த ஒருவர், அது வந்து மூன்று மாதங்களில் மனமுடைந்து விற்றிருந்தால் அவரைக் குறைகூற எவராலும் முடியாது. மேலும், முதல் வாயு என்பது முதல் வருமானமே தவிர முதல் பங்கிலாபம் அன்று. வங்கிக் கடனும் வட்டியும் அரச ரோயல்டியும் பொதுப் பங்காளரின் ரோயல்டியும் போன பின்னரே அலகு உடையவரின் முறை வரும். பின்னைய ஆண்டுகளில் விலைகள் மீண்டன. அதுவரை தாக்குப்பிடித்தவரே அதன் பலனைக் கண்டார்.

வரண்ட கிணறுகளும் வராத வாயுவும்

வென்ற வயல்களின் கதையை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது. தாமாரும் லெவியாதனும் தந்த போதையில் வேறு பல பங்குடைமைகள் பொதுமக்களிடம் பணம் திரட்டின. மீரா, சாரா என்ற இரு கடற்பரப்புகளைப் பற்றிப் பெரிய மதிப்பீடுகள் வெளியாகின. 2012இல் இரு கிணறுகளும் தோண்டப்பட்டன. இரண்டுமே வரண்டவை. அவற்றை நம்பி வாங்கப்பட்ட அலகுகள் ஒரே நாளிற் பெறுமதி இழந்தன. அங்கே காத்திருப்பு நீளவில்லை, முடிந்துவிட்டது. நம்பிக்கையை மதநம்பிக்கையோடு கலந்தவர்களும் உண்டு. விவிலிய வாசகங்களிலிருந்து உந்துதல் பெற்று 2000இல் தொடங்கப்பட்ட சியோன் எண்ணெய் வாயு நிறுவனத்துக்கு அமெரிக்கக் கிறிஸ்தவச் சிறு முதலீட்டாளர்கள் வாரி வழங்கினர். மெகிதோ-யெஸ்ரயேல் பகுதியில் அது தோண்டிய கிணறு வணிகரீதியாகப் பயனற்றது என்று 2018இல் தெரியவந்தது.

எல்லாவற்றிலும் வேதனைக்குரிய காத்திருப்பு இன்னொன்று. தாமாரைக் கைவிட்டுச் சென்ற அதே பீ.ஜி. நிறுவனம் 2000இல் காஸா கரையிலிருந்து சுமார் 36 கிலோமீற்றர் தூரத்தில் காஸா மரைன் என்ற வயலைக் கண்டுபிடித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் யாசிர் அரபாத் துளையிடும் மேடைக்குச் சென்று அங்கு தீச்சுடரை ஏற்றி வைத்தார். பலஸ்தீன மக்களின் எதிர்காலத்துக்கான கொடை என்று அது போற்றப்பட்டது. தாமாரை விட மிகச் சிறிய வயல்தான், ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி கன அடி. கடலின் ஆழமும் குறைவு. தொழில்நுட்பரீதியாக அது இலகுவானது. ஆயினும் கால் நூற்றாண்டு கடந்தும் அந்த வாயு கரை சேரவில்லை. கடலுக்கு அடியிலிருப்பதைத் தீர்மானிப்பது புவியியல். அது யாருக்கு எப்போது வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பது அரசியல் அதிகாரம். லெவியாதனுக்கு ஒரு நாடும் நீதிமன்றமும் பாராளுமன்றமும் இருந்தன. காஸா மரைனுக்கு அவை இருக்கவில்லை.

போரின் நிழல் வென்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. 2023 ஒக்டோபரில் போர் மூண்டதும் காஸாவுக்கு அண்மையிலுள்ள தாமார் மேடையின் உற்பத்தி நிறுத்தப்பட்டு, அடுத்த மாதமே மீண்டும் தொடங்கப்பட்டது.

காத்திருப்பின் கணக்கு

இவ்வரலாற்றிற் கவனத்துக்குரிய இன்னொரு விபரம் உண்டு. 2011இற் சட்டமான தீர்வையைக் கொண்டு குடிமக்களுக்காக ஒரு நிதியம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. தீர்வையாகச் சேரும் தொகை நூறு கோடி ஷேக்கலைத் தாண்டிய பின்னரே அது இயங்கத் தொடங்கும் என்பது நிபந்தனை. அந்த நாள் வந்தது 2022 ஜூனிலே. தன் பங்குக்காக முதலீட்டாளருடன் மோதிய அரசும் பதினொரு வருடங்கள் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அரசு காத்திருக்கலாம். அதற்கு ஆயுள் எல்லையில்லை. மனிதருக்கு உண்டு.

சிறு முதலீட்டாளர் வழமையாகக் கேட்பது ஒரே கேள்விதான்: வாயு இருக்கின்றதா? தாமாரிலும் இருந்தது, லெவியாதனிலும் இருந்தது, காஸா மரைனிலும் இருக்கின்றது. மூன்றினதும் விதி வேறு வேறு. கேட்கப்பட வேண்டிய ஏனைய கேள்விகள் இவை. அந்த வாயு யாருக்கு அவசரமாகத் தேவைப்படுகின்றது? கரைக்குக் கொண்டுவரும் பணத்தை யார் தருவார், அதற்காக என் பங்கு எவ்வளவு கரையும்? வருமானம் வந்ததும் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் யார்? விதிகளை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது? கண்டுபிடிப்பு அறிவிப்புகள் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு தலைமுறையின் சிறு சேமிப்புகள் இல்லாவிட்டால் அந்தக் கடலிற் பல கிணறுகள் தோண்டப்பட்டிருக்கமாட்டா. பெரிய நிறுவனங்கள் அஞ்சி ஒதுங்கிய காலத்தில் ஆசையோடும் அறியாமையோடும் துணிவோடும் பணம் போட்டவர்கள் அவர்கள்தான். வயல்களைப் பற்றிய நூல்களில் புவியியலாளர்களின் பெயர்களும் அமைச்சர்களின் பெயர்களும் கோடீசுவரர்களின் பெயர்களும் இடம்பெறும். ஒன்பதாவது ஆண்டில் அலகுகளை விற்றுவிட்ட ஆசிரியரோ தபால் ஊழியரோ அவற்றில் இடம்பெறமாட்டார். ஆனால் அவர் செலுத்திய பணத்தின் ஒரு துளி அந்தக் குழாயிலும் இருக்கின்றது.